நூறு நாள் வேலைக் கணக்கை ஊர் சரிபார்க்கும் விதம்

பெரம்பலூர் மாவட்டத்தில் 121 கிராம ஊராட்சிகள். அரியலூர் மாவட்டத்தில் 201. மக்கள் நூறு நாள் வேலை என்று சொல்லும் ஊரக வேலை உறுதித் திட்டம் மூன்றாம் கட்டமாக 2008 ஏப்ரல் 1 அன்று இந்த ஊர்களுக்கு வந்தது. 2025-26இல் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஒரு குடும்பம் நூறு நாளும் வேலை செய்தால் 33,600 ரூபாய். அப்படி முந்நூறு குடும்பங்கள் வேலை செய்யும் ஊராட்சியில் கூலி மட்டுமே ஒரு கோடியைத் தாண்டிவிடும். அந்தப் பணம் உரியவர் கைக்குச் சேர்ந்ததா, அதற்கு ஈடாக மண் வெட்டப்பட்டதா என்று ஊரே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் முறைக்குச் சமூகத் தணிக்கை என்று பெயர். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய ஊரக வேலைச் சட்டத்தை நிறைவேற்றி 100 நாளை 125 நாளாக்கியது. இங்கே விவரிக்கப்படுவது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவாகி, நடந்து நடந்து பழகிய முறை.

இதன் வேர் ராஜஸ்தானில் இருக்கிறது. பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பர் 2 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் அரசுப் பணிகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தவர்கள் எழுந்து, தாங்கள் அந்த வேலைக்கே போகவில்லை என்றார்கள். பட்டியலைப் படிப்பது, ஆளைக் கேட்பது என்ற அந்த எளிய வழி 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் 17ஆம் பிரிவாக ஏறியது. கிராமசபை பணிகளைக் கண்காணிக்க வேண்டும், முறையாகத் தணிக்கை செய்ய வேண்டும், ஆவணங்கள் எல்லாவற்றையும் ஊராட்சி அதன் முன் வைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 2011இல் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரைக் கலந்து மத்திய அரசு விதிகளை வகுத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தணிக்கையாவது நடக்க வேண்டும், வேலையை நடத்தும் துறைக்குக் கட்டுப்படாத தனி அலகு அதை நடத்த வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. விதியின் எழுத்துப்படி பார்த்தால் இவ்விரு மாவட்டங்களுக்கும் ஆண்டுக்கு 644 தணிக்கைகள்.

தமிழ்நாட்டில் அந்தத் தனி அலகாகச் சமூகத் தணிக்கைச் சங்கம் இயங்குகிறது. மாநிலத்தில் இத்திட்டத்துக்கு ஆகும் செலவில் அரை விழுக்காடு வரை தணிக்கைக்கென ஒதுக்கலாம். வேலை நடத்துபவரிடம் கை நீட்டாமல் தணிக்கை செய்பவருக்குச் சம்பளம் வர இந்த ஏற்பாடு. சங்கத்துக்கு மாவட்டம், வட்டாரம், கிராமம் என மூன்று படிகளில் வளப் பயிற்றுநர்கள். கடைசிப் படியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேலை அட்டைக் குடும்பங்களில் பிறந்து படித்தவர்களும் மகளிர் குழு உறுப்பினர்களுமே. யாரையும் அவரவர் சொந்த ஊராட்சிக்கு அனுப்புவதில்லை. வேப்பந்தட்டைப் பெண் ஆலத்தூர்ப் பக்கம் போவார். ஆண்டிமடத்துக்காரர் செந்துறைக்குப் போவார். ஊராட்சி தரும் விருந்தையும் அவர்கள் ஏற்கக்கூடாது. மொத்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இரு விதிகள் இவை. உறவும் சோறும் கணக்கை எப்படி வளைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

முதல் படி நாட்காட்டி. எந்த வாரம் எந்த ஊராட்சி என்ற அட்டவணை முன்கூட்டியே வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குச் செல்கிறது. தணிக்கை தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாள் முன்பாக ஆவணங்கள் தணிக்கை அலகின் கைக்கு வந்துவிட வேண்டும். என்.எம்.ஆர். எனப்படும் வருகைப் பட்டியல்கள், ஒவ்வொரு பணிக்குமான மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, அளவுப் புத்தகம், பொருள் வாங்கிய பில்கள், ரொக்கப் புத்தகம், வங்கி அறிக்கை, ஊராட்சியில் இருக்க வேண்டிய ஏழு பதிவேடுகள் ஆகியவை அதில் அடங்கும். வேலை அட்டை, கிராமசபை, வேலைக் கோரிக்கையும் ஒதுக்கீடும் ஊதியமும், பணிகள், உருவான சொத்துகள், புகார்கள், பொருள்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு. இந்த 15 நாள் கெடு பலருக்கு வெறும் சம்பிரதாயமாகத் தெரியலாம். ஆனால் ஆவணம் தராமல் இழுத்தடிப்பது தணிக்கையை முளையிலேயே கிள்ளும் மிகப் பழைய வழி. எந்த ஆவணம் வரவில்லையோ அதன் பெயரே அறிக்கையின் முதல் குறையாக எழுதப்படுகிறது. அதனால் கொடுக்காமல் வைத்திருப்பதிலும் ஆதாயம் கிடையாது.

இரண்டாவது படியில் ஆவணங்களை ஆவணங்களோடே ஒப்பிடுகிறார்கள். ஊராட்சி அலுவலகத்திலோ ஊராட்சி சேவை மையக் கட்டடத்திலோ பாயை விரித்து, காகிதங்களைப் பணிவாரியாகப் பிரித்து அடுக்குகிறார்கள். ஒரு பணிக்கு ஒரு கட்டு. கட்டின் மேலே மதிப்பீடு, அதன் கீழ் அனுமதி, அதன் கீழ் வாரவாரியாக வருகைப் பட்டியல், அடியில் அளவுப் புத்தகத்தின் நகல். வருகைப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் கணினி தரும் தனி எண் உண்டு. எண் வரிசையில் இடைவெளி இருந்தால் அந்தப் பட்டியல் எங்கே என்று கேட்க வேண்டும். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு பணிகளில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறதா, அரசு விடுமுறை நாளில் வருகை போட்டிருக்கிறதா, வேலை அட்டை எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று விரல் வைத்துப் பார்க்கிறார்கள். வேலை கேட்டதற்கான படிவம் 6 இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். வேலை கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாக் காலப்படி தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் கேட்ட தேதி ஏறாத படிவத்தை வைத்து அந்த 15 நாளை எங்கிருந்து எண்ணுவது? தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தரப்படாத ஊர்களில் அந்த உரிமை செத்துக் கிடக்கிறது.

2023 ஜனவரி 1 முதல் காலையும் பிற்பகலும் பணித்தளத்தில் கைப்பேசிச் செயலி வழியாகத் தொழிலாளர்களைப் படமெடுத்து வருகை பதிவது கட்டாயமானது. இது ஏமாற்றை ஒழித்துவிடும் என்று சொல்லப்பட்டது. ஆனால் வேலைக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றியவையும் கண்டுபிடிக்கப்பட்டதாக 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. ஆகவே தணிக்கைக் குழு படத்தில் உள்ள தலைகளை எண்ணி, பட்டியலில் உள்ள பெயர்களோடு பொருத்துகிறது. பட்டியலில் 42 பேர், படத்தில் 29 பேர் என்றால், மீதி 13 பேரைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது படி அதுதான்: வீடு வீடாகச் செல்வது. அதிகக் கால்வலியும் அதிகப் பலனும் தருவது இந்தப் படியே. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் கையில் இருக்கும் மாதங்களில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும்தான் பேச முடியும். அரியலூரின் கிழக்கே, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளில் முந்திரிக் கொட்டை பொறுக்கும் வெயில் காலத்துக்கும் இதே கதைதான். எனவே தெருக்களைப் பிரித்துக்கொண்டு இருவர் இருவராகப் போகிறார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் எழுதுவார்.

கேட்கும் முறையிலும் ஒரு வேலைத்திறன் இருக்கிறது. பட்டியலை முதலில் காட்டுவதில்லை. காட்டிவிட்டால் எதிரே இருப்பவர் பட்டியலைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார். முதலில் ஆளிடமிருந்தே விவரம் வர வேண்டும். “ஆயா, போன சித்திரையில எந்தப் பக்கம் வேல பாத்தீங்க?” என்று தொடங்குகிறார் பயிற்றுநர். “ஏரிக்கர வேல கண்ணு. கரைக்கு மண்ணு அள்ளிப் போட்டோம்.” “எத்தன நாளு?” “ரெண்டு வாரம். மூணாவது வாரம் பேத்திக்குக் காது குத்து, போகல.” இப்போது பயிற்றுநர் வேலை அட்டையைக் கேட்டு வாங்குகிறார். அட்டையில் அந்த மாதம் பன்னிரண்டு நாள் பதிவாகியிருந்தால் பாட்டியின் வாய்மொழியோடு அது பொருந்துகிறது. அடுத்து வங்கிப் புத்தகம். பன்னிரண்டு நாளுக்கு 336 வீதம் 4,032 ரூபாய் வரவு இருக்க வேண்டும். கடைசியாகத்தான் வருகைப் பட்டியல் வெளியே வருகிறது. அதில் மூன்றாவது வாரத்துக்கும் ஆறு நாள் போடப்பட்டிருந்தால், அந்த 2,016 ரூபாய் எந்தக் கணக்குக்குப் போனது என்ற கேள்வி பிறக்கிறது. பாட்டியின் பெயர், அட்டை எண், பட்டியல் எண், நாள்கள், தொகை எல்லாம் படிவத்தில் ஏறுகின்றன. அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறார்கள்.

வாய்மொழி, அட்டை, வங்கிப் புத்தகம், பட்டியல் என்ற இந்த வரிசை யோசித்து அமைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் வேறொருவர் கையால் எழுதப்பட்டது: வாய்மொழி தொழிலாளியுடையது, அட்டை ஊராட்சியுடையது, புத்தகம் வங்கியுடையது, பட்டியல் பணித்தளப் பொறுப்பாளருடையது. நான்கு கைகளும் ஒரே பொய்யைச் சேர்ந்து எழுதுவது கடினம். எழுதினாலும் எங்கோ ஒரு நாள் பிசகும். அந்தப் பிசகைப் பிடிக்கத்தான் இந்தக் குறுக்குச் சரிபார்ப்பு.

இங்கே அடிக்கடி தடுக்கும் ஒரு விஷயம், அட்டை வீட்டில் இல்லாதது. “அட்ட ஆபீஸ்லயே இருக்கு” என்பார்கள். வேலை அட்டை குடும்பத்தின் கையில்தான் இருக்க வேண்டும். அலுவலர் எவரும் அதை வைத்துக்கொள்வது குற்றம். சட்டத்தின் 25ஆம் பிரிவு இத்திட்ட விதிகளை மீறுபவருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அட்டை ஆபீசில் கிடக்கும் ஒவ்வொரு வீட்டையும் குழு தனியே குறித்துக்கொள்கிறது. பணம் திருடு போகாவிட்டாலும் இது குறைதான். அட்டை இல்லாதவர் தன் கணக்கைத் தானே பார்க்க முடியாது.

கூலி தாமதமாக வந்தது என்று சொல்பவர்களின் குறையை எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டியிருக்கிறது. வாரப் பட்டியல் முடிந்த 15 நாளுக்குள் கூலி வராவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 0.05 விழுக்காடு இழப்பீடு உண்டு. 336 ரூபாயில் 0.05 விழுக்காடு என்பது 17 பைசாவுக்கும் குறைவு. தொகை சிறிதானாலும் உரிமை உரிமையே. ஆனால் தாமதம் எங்கே நேர்ந்தது என்று பார்க்காமல் ஊராட்சிச் செயலர் மீது எழுதிவிடக் கூடாது. 2024 நவம்பர் இறுதியிலிருந்து பல மாதங்கள் மத்திய நிதி வராமல் தமிழ்நாடு முழுவதும் கூலி நின்றது. 1,056 கோடி ரூபாயை விடுவிக்கும்படி 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பட்டியல் முடிந்த தேதி, அளவு எடுத்த தேதி, நிதி மாற்று ஆணையில் இரு கையெழுத்தும் விழுந்த தேதி, வங்கியில் வரவான தேதி ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதிப் பார்த்தால் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பது தானே தெரிந்துவிடும். தணிக்கைப் படிவங்களிலேயே அழகானது இந்த வரி என்பேன். யாரையும் திட்டாமல் பொறுப்பை உரிய இடத்தில் வைத்துவிடுகிறது.

நான்காவது படி தரையை அளப்பது. இதற்கான கருவிகள் சில்லறைக் கடையில் கிடைப்பவை: 30 மீட்டர் நாடா, ஐந்து மீட்டர் இரும்பு நாடா, இரண்டு முளைக்குச்சி, கயிறு, நேரான கழி, கைப்பேசிக் கேமரா. அந்தப் பணியில் வேலை செய்த நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது முறை. எங்கே வெட்டினோம், எங்கே விட்டோம் என்று காட்ட அவர்களைவிடத் தகுந்த ஆள் இல்லை.

ஒரு பண்ணைக்குட்டையை எடுத்துக்கொள்வோம். அளவுப் புத்தகத்தில் மேல்பக்கம் 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர் என்று இருக்கிறது. பெருக்கினால் 600 கன மீட்டர். ஆனால் குட்டையின் சுவர்களைச் செங்குத்தாக வெட்ட முடியாது. கரிசலில் வெட்டினால் முதல் மழைக்கே சரிந்து உள்ளே விழும். ஆகவே ஒன்றுக்கு ஒன்று சரிவு கொடுத்து வெட்டுகிறார்கள். ஒன்றரை மீட்டர் இறங்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை மீட்டர் உள்ளே வந்துவிடும். அடிப்பக்கம் 17 மீட்டருக்கு 17. மேல்பரப்பு 400 சதுர மீட்டர், அடிப்பரப்பு 289, நடுப்பரப்பு 342.25. மேலையும் அடியையும் கூட்டி, நடுப்பரப்பை நான்கு மடங்காக்கிச் சேர்த்து, ஆழத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 514.5 கன மீட்டர் வரும். புத்தகத்துக்கும் குட்டைக்கும் 85.5 கன மீட்டர் வித்தியாசம். ஒரு கன மீட்டருக்கு ஓர் ஆள் நாள் என்று எளிமையாக வைத்துக்கொண்டால்கூட, 85 ஆள் நாளுக்கு 28,560 ரூபாய். வெட்டாத மூலைகளுக்குக் கொடுத்த கூலி இது. கணக்குப் பெரிதல்ல, எட்டாம் வகுப்புப் பாடம்தான். ஆனால் அந்தப் பாடத்தைக் கரையில் நின்று போடும்போது, பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கே விஷயம் புரிந்துவிடுகிறது.

ஆழம் அளப்பதில் தகராறு வரும். பணி முடிந்து ஆறு மாதத்துக்குப் பின் வருகிறார்கள். அதற்குள் மழை வந்து வண்டல் படிந்திருக்கும். கொள்ளிடக் கரையோரம், திருமானூர், தா.பழூர் பக்கத்து வாய்க்கால்களில் சம்பா பருவத்தில் தண்ணீரே நிற்கும். கழியை விட்டுத்தான் அளக்க முடியும். வெட்டும்போதே நடுவில் ஓரிரு இடங்களில் மண்ணைத் தொடாமல் திட்டாக விட்டிருந்தால், பழைய தரைமட்டத்துக்கு அதுவே சாட்சி. அதன் உச்சியிலிருந்து அடி வரை அளந்தால் போதும். திட்டு இல்லாத இடத்தில் கழியைப் படிந்த வண்டலுக்குள் குத்தி, கெட்டித் தரை எங்கே தட்டுகிறது என்று பார்க்கிறார்கள். படிந்த சேறு கழியில் ஒட்டி வரும் நிறமும் அடியில் உள்ள பழைய மண்ணின் நிறமும் வேறு வேறு. தொழிலாளிகள் கழியைப் பார்த்ததுமே சொல்லிவிடுகிறார்கள். சந்தேகத்தின் பலனைப் பணிக்கே கொடுத்து, வண்டல் போக அளவு எழுதுவதுதான் நியாயம்; நல்ல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன.

மரக்கன்றுகளில் வேலை இன்னும் சுருக்கம்: எண்ணுவது. சாலையோரத்தில் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று ஒருவர் நடந்து எண்ணுவார், மற்றவர் கோடு போடுவார். பணித்தளத்தில் தகவல் பலகை இருக்கிறதா, அதில் எழுதிய தொகையும் மதிப்பீட்டுத் தொகையும் ஒன்றா, பலகைக்கென்று எழுதிய செலவுக்கு அங்கே பலகைதான் இருக்கிறதா, மூங்கிலில் கட்டிய தகரம்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துப் படம் எடுக்கிறார்கள்.

இதே வாரத்தில் பிரதமரின் குடியிருப்புத் திட்ட வீடுகளையும் பார்த்துவிடுகிறார்கள். சமவெளிப் பகுதி வீட்டுக்கு அடிப்படை அலகுத் தொகை 1,20,000 ரூபாய். மத்திய அரசு 60, மாநிலம் 40 விழுக்காடு. வீட்டுக்காரருக்கு நூறு நாள் திட்டத்திலிருந்து 90 ஆள் நாள் கூலி, கழிப்பறைக்கு 12,000 ரூபாய். சமையலறை உட்படக் குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்பு இருக்க வேண்டும். இரும்பு நாடாவை உள்சுவரிலிருந்து உள்சுவருக்குப் பிடித்தால் இரண்டு நிமிட வேலை. அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு: அடுத்த தவணை வர யாருக்காவது ஏதாவது கொடுத்தீர்களா? அடித்தளம், ஜன்னல் மட்டம், மேல்தளம் என்று கட்டம் கட்டமாகப் பணம் வருவதால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கை குறுக்கே நீளும் வாய்ப்பு உண்டு. இதை ஆண் பயிற்றுநர் வாசலில் நின்று கேட்டால் பதில் வராது. பெண் பயிற்றுநர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வரும்.

ஐந்தாவது படி எழுதுவது. சேர்ந்த படிவங்களை வைத்து, கண்ட குறைகளைத் தணிக்கைத் தடைகளாக வகுக்கிறார்கள். வேலை செய்யாதவருக்குக் கூலி, வாங்காத பொருளுக்குப் பில் என்பவை நிதி முறைகேடு. பணம் வேலைக்குத்தான் போயிருக்கிறது, ஆனால் அனுமதித்த வேலைக்குப் போகவில்லை என்றால் நிதி விலகல். பலகை வைக்காதது, அட்டையை வாங்கி வைத்தது, பதிவேடு எழுதாதது போன்றவை நடைமுறை மீறல். நாலாவது, தொழிலாளிகளின் குறைகள்: தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, மருந்துப் பெட்டி இல்லை. ஒவ்வொரு தடைக்கும் ஆதாரத்தின் எண், தொகை, காரணமானவரின் பதவி எழுதப்படுகின்றன. சந்தேகத்தை எழுதக் கூடாது, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். “மண் குறைவாக வெட்டப்பட்டது போல் தெரிகிறது” என்ற வாக்கியம் தேறாது. “புத்தகத்தில் 600, தளத்தில் 514.5” என்ற வாக்கியம் தேறும். அறிக்கை தமிழில் இருக்க வேண்டும் என்பதும் விதி. ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதும் விதி.

ஆறாவது படிதான் சிறப்புக் கிராமசபை. அறிவிப்பு முன்னதாகவே ஊருக்குப் போயிருக்க வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடும்படி 2022இல் தமிழக அரசு சொன்ன பிறகு, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகப் போகிறது. தமிழ்நாட்டில் கிராமசபைக்கு வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஊராட்சியையோ வேலை நடத்தும் அலுவலகத்தையோ சாராத ஒருவர் தலைமை ஏற்பது முறை. பெரும்பாலும் ஊரில் மதிப்புள்ள மூத்த தொழிலாளி ஒருவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் நியமித்த பார்வையாளர் ஒருவர் ஓரமாக இருப்பார். கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை, நடத்துவது அவர் வேலை அல்ல.

பயிற்றுநர் எழுந்து தடைகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். படித்ததும் நிறுத்த வேண்டும். சம்பந்தப்பட்ட தொழிலாளி எழுந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும். சபை ஏற்றால் தடை நிற்கும், மறுத்தால் விழும். முடிவை அங்கேயே தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இந்த இடத்தில்தான் ஊரின் பலமும் பலவீனமும் வெளியே தெரியும். வீட்டில் உட்கார்ந்து சொன்னதைச் சபையில் சொல்லத் தயங்குபவர்கள் உண்டு. நாளைக்கும் அதே பணித்தளப் பொறுப்பாளரிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். அதனால் கையெழுத்திட்ட வாக்குமூலம் படிவத்தில் இருப்பது உதவுகிறது. ஆள் மௌனமாக இருந்தாலும் தாள் பேசும். சிறு தொகைகளைச் சபையிலேயே திருப்பிக் கட்ட ஒப்புக்கொள்பவர்களும் உண்டு.

2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன் பின் இவ்விரு மாவட்டங்களிலும் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்திவந்தார்கள். தலைவர் இல்லாத காலத்தில் சபையில் பதில் சொல்வது ஊராட்சிச் செயலரும் வட்டார அலுவலர்களும்தான். வேலை நடத்துபவரும் அதை மேற்பார்க்க வேண்டியவரும் ஒரே அலுவலகத்தில் இருக்கும் அத்தகைய காலத்தில், வெளியிலிருந்து வரும் தணிக்கைக் குழுவின் மதிப்பு இரண்டு மடங்காகிறது என்பதே என் கருத்து. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கு அடுத்த தேர்தலில் ஊர் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற பயமாவது இருக்கும்.

ஏழாவது படி ஊரை விட்டு மாவட்டத் தலைநகருக்கு நகர்கிறது. சபை ஏற்ற தடைகள் கணினியில் ஏற்றப்பட்டு, மாவட்ட அளவிலான உயர்நிலைக் குழுவின் முன் போகின்றன. அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர்கள் ஆவணங்களோடு வந்து விளக்கம் தருகிறார்கள். எந்தத் தடை நீங்கும், எந்தத் தொகை யாரிடமிருந்து மீட்கப்படும், எவர் மீது ஒழுங்கு நடவடிக்கை என்று அங்கே முடிவாகிறது. தொழிலாளி நேரடியாகக் கொடுத்த புகார்களை ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவு வட்டார அலுவலருக்குக் கட்டளையிடுகிறது.

இதுவரை நன்றாகப் பொருந்தி வந்த இயந்திரத்தில் பல் தேய்ந்த சக்கரம் இங்கேதான் இருக்கிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், தணிக்கையில் கண்டுபிடித்த தொகையில் சிறு பங்குதான் மீட்கப்படுகிறது. நாடா பிடித்து, தெருத் தெருவாக நடந்து, தலை எண்ணிக் கண்டுபிடித்த ரூபாய்கள் கோப்பில் தங்கிவிடுகின்றன. தணிக்கை அலகுக்குக் கண்டுபிடிக்கும் அதிகாரம் உண்டு. வசூலிக்கும் அதிகாரம் இல்லை. வசூலிக்க வேண்டியவர்கள் வேலை நடத்திய அதே துறையினர். வசூலுக்கும் கெடுநாள் குறித்து, கெடு தவறினால் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் ஏற்பாட்டை எல்லா மாவட்டங்களிலும் கறாராக நடத்தினால் இந்த ஒரு பல் நேராகிவிடும்.

மீட்கப்பட்ட தொகை திட்டக் கணக்கில் கட்டப்பட்டு, செலுத்துச் சீட்டின் எண் அந்தத் தடைக்கு எதிரே பதிவாகிறது. பிறகு எடுத்த நடவடிக்கைகளை ஊர்வாரியாக ஓர் அறிக்கையாகத் தொகுக்கிறார்கள். அடுத்த தணிக்கையின் கிராமசபையில், புதிய தடைகளைத் தொடுவதற்கு முன் இந்த அறிக்கையைத்தான் படிக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு விதி சொல்கிறது. போன முறை 2,016 ரூபாய்த் தடையில் பெயர் வந்த பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், அந்த வரி வரும்போது பயிற்றுநர் சீட்டின் எண்ணையும் பணம் கட்டிய தேதியையும் சேர்த்துப் படிக்கிறார். பணம் கட்டப்படவில்லை என்றால் அதையும் படிக்கிறார். அதே தடை அதே தொகையோடு புதிய பட்டியலின் முதல் வரியாக மறுபடி எழுதப்படுகிறது.